சாடிக்கு எந்தத் தண்ணி?

சித்திரை வருடப்பிறப்பு நெருங்கும்போது வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டுதோறும் ஓர் அறிவித்தல் விடும். ஏப்ரல் 5ஆம் திகதி தொடக்கம் 15ஆம் திகதி வரை சூரியன் இலங்கைக்கு நேரே உச்சங்கொடுக்கும் என்பதுதான் அது. தெற்கில் தொடங்கி நாளுக்கு ஓரிரு ஊராக மேலேறிவரும் அந்த உச்சம் கடைசியில் வந்து நிற்பது யாழ்ப்பாணத்தில். கைவிசேடம் வாங்கிக்கொண்டு நண்பகலில் முற்றத்தில் இறங்குகிறவரின் நிழல் அவருடைய காலடிக்குள்ளேயே அடங்கிப்போகிறது. அது முடியக் கலண்டரில் காண்டாவனம், கோடையின் உச்ச வெயில் நாள்கள். அதன் பிறகு சோளகம், தென்மேற்கிலிருந்து மாதக்கணக்காக அடிக்கிற காய்ந்த காற்று.

இந்த மாதங்கள் முழுவதும் யாழ்ப்பாணக் குடாநாட்டு வீடுகளில் பின்னேரம் ஐந்து மணிக்கு ஒரே காட்சிதான். மோட்டரைப் போட்டு, ஹோஸ் பைப்பை இழுத்து, வாசல்படி தொடக்கம் மதில் ஓரம் வரை நிற்கும் பூச்சாடிகளுக்கு மேலால் ஒரு சுற்றுத் தண்ணீர். "சாடியளுக்குத் தண்ணி விட்டாச்சோ?" "ஓமோம், விட்டாச்சு." நாள் தவறாமல் விட்டும், ஆடி பிறக்கமுன் அந்தூரியத்தின் இலை ஓரம் கருகுகிறது, ரோசா இலை கொட்டுகிறது, கறிவேப்பிலைக் கன்று மஞ்சளாகிறது. வெயிலின் தலையில் பழியைப் போட்டுவிட்டு அடுத்த கன்றை வாங்குகிறோம்.

வெயிலுக்கும் பங்குண்டுதான். ஆனாலும் இங்கே சாடிச் செடிகள் சாவதற்குத் தண்ணீர் போதாமையைவிடப் பெரிய காரணம் அந்தத் தண்ணீரேதான் என்பது என் எண்ணம். எந்தக் கிணற்றுத் தண்ணீர், எப்படி விடுகிறோம், விட்டது வேருக்குப் போனதா என்று பார்க்காமல் நேரம் தவறாமல் விடுவதில் பயனில்லை.

கிணத்துக்கு அடியில்

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. இருக்கிற ஒரே வழுக்கையாறும் மாரியில் ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் விழுந்துவிடும். ஆண்டுக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தங்குவதைத்தான் ஆண்டு முழுவதும் இறைத்துக் குடிக்கிறோம், குளிக்கிறோம், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் பாய்ச்சுகிறோம். மூன்று மாதம் மேலிருந்து நனைந்து, ஒன்பது மாதம் காய்ந்து, அடித்தட்டில் உப்புத் தண்ணீர் தேங்கி நிற்கிற ஒரு பெரிய பூச்சாடி என்று குடாநாட்டையே சொல்லலாம்.

அடியில் உப்புத் தண்ணீர் என்பது வெறும் பேச்சல்ல. நன்னீர் கடல்நீரைவிட இலேசானது. அதனால் நிலத்தடியில் உப்பு நீருக்கு மேலே அது மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்துப் பொறியியலாளர் பாடன் கைபனும், பிறகு ஜேர்மனியரான ஹெர்ஸ்பர்க்கும் தனித்தனியே கண்ட கணக்கு இது. யாழ்ப்பாணத்தை ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆண்டபோது ஒல்லாந்தருக்கு இது தெரியாது. இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் பயம் வரும். மேலே ஓரடி இறைத்துக் குறைத்தால் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறிவரப் பார்க்கும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழம் போகப்போக உப்பு நீரும் இருப்பதற்கு அடிப்படை இதுதான். ஆவணி, புரட்டாதியில் கரையோரக் கிணறுகள் சவர்க்கத் தொடங்குவதும் இதனால்தான்.

இதற்குப் பூச்சாடிக்காரரைக் குற்றஞ்சொல்ல வேண்டாம். நாற்பது சாடிக்கும் ஒவ்வொரு லீற்றர் விட்டாலும் ஒரு நாளைக்கு 40 லீற்றர், ஒருவர் கிணற்றடியில் தாராளமாகக் குளிக்கிற அளவு. தோட்டங்களில் மணிக்கணக்காக ஓடுகிற இறைப்பு இயந்திரத்துக்கு முன்னால் இது ஒரு பொருட்டே இல்லை. தண்ணீரை மிச்சம் பிடியுங்கள் என்று அந்தூரியம் வளர்க்கும் அம்மாவுக்கு உபதேசம் செய்கிற சுவரொட்டிகள் தவறான கதவைத் தட்டுகின்றன. குடாநாட்டுக்கு நன்னீர் தேக்கும் பெரிய வேலை வேறு இடத்தில் கிடக்கிறது. ஆனையிறவுக் கடலேரியை நன்னீராக்கி அந்த நீரை வடமராட்சிப் பக்கம் கொண்டுவரப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் வகுத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டம் இன்றுவரை முழுமை பெறவில்லை.

சாடிக்காரருக்கு இந்தக் கதை தேவைப்படுவது வேறொன்றுக்காக. அவருடைய வாளிக்குள் இருப்பது வெறும் தண்ணீரல்ல, சுண்ணாம்பு கரைந்த தண்ணீர். சில ஊர்களில் அதோடு உப்பும் கரைந்திருக்கும்.

சாடி விளிம்பில் வெள்ளை

கேத்திலின் உட்புறத்தில் ஏறியிருக்கும் வெள்ளைப் படையை எல்லோரும் கண்டிருப்போம். அதே படைதான் மண்சாடியின் வெளிப்புறத்திலும், சாடிக்குள் மண்ணின் மேலேயும் கோடைக்குக் கோடை தடிக்கிறது. தண்ணீரைச் செடி குடிக்கிறது, வெயில் குடிக்கிறது. கரைந்திருந்ததை ஒருவரும் குடிப்பதில்லை. அது சாடிக்குள்ளேயே தங்குகிறது. நிலத்தில் நிற்கிற செடி என்றால் மாரி மழை வந்து கழுவிவிடும். விறாந்தைக் கூரைக்குக் கீழே நிற்கிற சாடிக்கு அந்த மழையும் இல்லை.

வெள்ளையில் இரண்டு வகை இருக்கிறது. கொஞ்சம் சுரண்டி எடுத்து அதன்மேல் வினாகிரி இரண்டு சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அது சுண்ணாம்பு. நுரைக்காமல் கரைந்துபோனால் உப்பு என்று சந்தேகிக்கலாம். நாக்கில் வைத்தும் பார்க்கலாம், உரம் போடாத சாடி என்றால் மட்டும்.

சுண்ணாம்பு செடியை உடனே கொல்லாது. மண்ணின் புளிப்பைக் குறைத்து, இரும்புச் சத்தைச் செடி எடுக்க முடியாதபடி பூட்டிவிடும். எக்சோறாவிலும் கறிவேப்பிலையிலும் புதுத்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இதுதான் காரணம். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அதே தண்ணீரை இன்னும் விட்டால் பூட்டு இன்னும் இறுகும். அடுப்புச் சாம்பலைக் கொண்டுவந்து போடுவது அதைவிடப் பிழை. சாம்பலும் சுண்ணாம்பின் பக்கம்தான் நிற்கும்.

உப்பின் வேலை வேறு. மண் ஈரமாக இருக்கும்போதே செடியைத் தாகத்தில் வைத்திருக்கும். வேரைச் சுற்றியிருக்கும் நீர் உப்பாக இருந்தால் வேரால் அதை உள்ளே இழுக்க முடியாது. இலை நுனியும் ஓரமும் கருகும். அந்தூரியமும் ரோசாவும் ஓர்க்கிட்டும் முதலில் விழும். போகன்வில்லா, அலரி, நித்தியகல்யாணி, அடீனியம் கடைசிவரை நிற்கும். ஆளில்லாத வீடுகளின் மதிலில் போகன்வில்லா கொத்துக் கொத்தாகப் பூத்துக் கிடப்பதைப் பார்த்தால் அந்தச் செடியின் பலம் விளங்கும். அடீனியம் அடித்தண்டில் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கும். நெடுந்தீவில் நிற்கிற பெருக்கமரம் செய்வதும் அதைத்தான். இரண்டும் ஆபிரிக்காவிலிருந்து வந்தவை, நம் கோடை அவற்றுக்குப் பெரிய விடயமில்லை.

கிணறு எப்படிப்பட்டது என்று அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. பருப்பு அவிய மறுக்கிறதா, சவர்க்காரம் நுரைக்க மறுக்கிறதா, தேத்தண்ணி சவர்க்கிறதா என்று வீட்டில் சமைக்கிறவரைக் கேட்டால் போதும். முதலிரண்டும் சுண்ணாம்பு, மூன்றாவது உப்பு. ஊர்காவற்றுறை, காரைநகர் போன்ற தீவுப்பகுதி வீடுகளில் இந்தக் கேள்வியைக் கேட்கவே தேவையில்லை. பவுசர் தண்ணீரை அளந்து செலவழிக்கும் வீட்டில் ரோசா வளர்ப்பவர் கெட்டிக்காரராகத்தான் இருக்கவேண்டும்.

வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. பல ஆண்டுகளாகப் போட்ட யூரியாவும் எருவும் நைத்திரேற்றாக இறங்கிக் கிடக்கின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதைத் தாண்டிய கிணறுகள் இங்கே இருக்கின்றன. குடிக்கிற குழந்தைக்குக் கேடான அதே தண்ணீர் சாடிச் செடிக்குப் பசளை. அப்படிப்பட்ட கிணறு உள்ள வீட்டில் சாடிக்கு யூரியா போடுவது காசைக் கரைப்பது.

ஒரு செத்த சாடியைக் கவிழ்த்தால்

கோடையில் காய்ந்துபோன ரோசாச் சாடி ஒன்றை எறியமுன் கவிழ்த்துப் பாருங்கள். பெரும்பாலும் கதை முழுவதும் அங்கே இருக்கும். மேலே இரண்டு விரற்கடை மண் கறுப்பாக, ஈரமாக இருக்கும். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் செங்கல் போல் இறுகிய உருண்டை, ஒரு சொட்டு ஈரம் இல்லை. உருண்டைக்கும் சாடிச் சுவருக்கும் இடையில் நகம் நுழையும் அளவு இடைவெளி. அடியில் வேர்கள் வட்டம் வட்டமாகச் சுற்றிக் கிடக்கும். நாள்தோறும் விட்ட தண்ணீர் மேல்மண்ணை நனைத்துவிட்டு, அந்த இடைவெளியால் வழிந்து ஓட்டைக்குள்ளால் போயிருக்கிறது. அடியால் தண்ணீர் வடிவதைக் கண்டு சாடி நிறைந்துவிட்டது என்று நாம் நினைத்திருப்போம்.

ஹோஸ் பைப்பின் பழக்கம் இது. கையில் பைப் இருக்கும்போது ஒரு சாடிக்கு நாம் கொடுக்கும் நேரம் மிகக் குறைவு. வாளியும் கோப்பையுமாக நடப்பவருக்கு எந்தச் சாடிக்கு எவ்வளவு போனது என்று தெரியும். 2022இல் மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றோம். அரசாங்கம் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னது. அந்த நாள்களில் பசளைப் பைகளில் மிளகாயும் கத்தரியும் வளர்த்தவர்கள் பலர் கிணற்றில் அள்ளித்தான் ஊற்றினார்கள். கப்பியில் இழுத்த தண்ணீரை யாரும் சும்மா தெளித்துவிட்டுப் போகமாட்டார்கள்.

காய்ந்து இறுகிய சாடியை மேலிருந்து நனைத்து மீட்க முடியாது. ஒரு பேசினில் தண்ணீர் வைத்து, சாடியைப் பாதிவரை அதற்குள் இறக்கி அரை மணி நேரம் விடவேண்டும். முதலில் காற்றுக்குமிழி வரும். குமிழி நின்றபின் எடுத்து வடியவிடலாம். பெரிய சீமெந்துச் சாடி என்றால் தூக்க முடியாது. ஒரு கம்பியால் நாலைந்து இடத்தில் குத்தித் துளையிட்டு, மெதுவாகக் கொஞ்சம் விட்டு, பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி விடவேண்டும்.

ஒழுங்காக நிற்கிற சாடிக்கும் இதே இரண்டு தவணைதான் நல்லது. முதல் தவணை மண்ணை இளக்க, இரண்டாவது நிரப்ப. அடியோட்டையால் வடியும்வரை விடவேண்டும், வடிந்த பிறகும் கொஞ்சம். ஏனென்றால் சேர்ந்த உப்பையும் சுண்ணாம்பையும் வெளியே கொண்டுபோவது வடிகிற அந்தத் தண்ணீர்தான். சவர்க் கிணறு உள்ள வீட்டில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை, சாடி கொள்கிற அளவைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரை விட்டுக் கழுவிவிட வேண்டும். கேட்பதற்கு வீண்செலவாகத் தோன்றும். வடிவதைக் கிணற்றடித் தண்ணீர் போகிற அதே வழியில் வாழைக்கும் கமுகுக்கும் திருப்பிவிட்டால் ஒன்றும் வீணில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நாள்தோறும் தெளிப்பதுதான் உண்மையான வீண். அது உப்பைக் கூட்டும், வேரை மேலே வரப்பண்ணும், மேலே வந்த வேரை வெயில் சுடும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்பார்கள். சாடிக்குச் சாடி வேறுபடும் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் விடவேண்டாம். சின்னச் சாடிகளைத் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். நண்பகலில் குறோட்டனோ செவ்வரத்தையோ தலை தொங்கினால் ஓடிப்போய்த் தண்ணீர் விடாதீர்கள். வேர் அனுப்புவதைவிட வேகமாக இலை இழக்கும்போது ஈரமண்ணிலும் செடி வாடித்தான் நிற்கும். பின்னேரம் தானாக நிமிர்ந்தால் ஒரு குறையும் இல்லை. விடிகாலையிலும் தொங்கிக்கொண்டு நின்றால்தான் தாகம். சூடான மண்ணில் தண்ணீரும் தேங்கினால் வேருக்குக் காற்றுக் கிடைக்காமல் அழுகும். அந்தச் செடியும் வாடித்தான் நிற்கும், நாமும் இன்னும் தண்ணீர் விடுவோம்.

வெயிலில் தண்ணீர் விட்டால் துளிகள் கண்ணாடி வில்லைபோல் வெயிலைக் குவித்து இலையைச் சுட்டுவிடும் என்பது நெடுநாள் நம்பிக்கை. ஹங்கேரி ஆய்வாளர்கள் 2010இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். வழுவழுப்பான இலைகளில் அப்படி நடப்பதில்லை, துளியை மேலே தூக்கி வைத்திருக்கிற மயிருள்ள இலைகளில்தான் வாய்ப்புண்டு என்றார்கள். நம் ஊரில் இலையில் விழும் புள்ளி பெரும்பாலும் துளி காய்ந்து விட்டுப்போன சுண்ணாம்பும் உப்பும்தான். காலை ஏழு மணிக்குள் விடுவது நல்லது என்பதற்கு ஆவியாகும் இழப்பு ஒன்றே போதுமான காரணம். பின்னேரம் விடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பகல் முழுக்க முற்றத்தில் கிடந்த ஹோஸ் பைப்பிலிருந்து முதலில் வருவது சுடுதண்ணீர். கையில் பட்டுக் குளிரும்வரை அதை நிலத்துக்கு விடுங்கள்.

வடக்கு விறாந்தையின் ஏமாற்று

மற்ற ஊர்களில் எழுதப்பட்ட தோட்டக்கலைக் குறிப்புகளை இங்கே அப்படியே பின்பற்றினால் ஒரு விடயத்தில் கட்டாயம் அடிவாங்குவோம். வடக்குப் பக்கம் நிழல், தெற்குப் பக்கம் வெயில் என்று அவை சொல்லும். ஏப்ரல் நடுப்பகுதி தொடக்கம் ஓகஸ்ட் கடைசி வரை யாழ்ப்பாணத்தில் நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. தை மாதத்தில் நாள் முழுக்கக் குளிர்ந்து கிடந்த வடக்கு விறாந்தைக்குள் ஆனி மாதத்தில் காலையும் பின்னேரமும் வெயில் சரிந்து உள்ளே வரும். தையில் ஆசையாக அங்கே அடுக்கிய அந்தூரியம் வைகாசியில் அதே இடத்தில் வெந்துபோகும். சாடி வைத்திருப்பதன் இலாபமே தூக்கி மாற்றலாம் என்பதுதான். வருடப்பிறப்போடு வடக்குச் சாடிகளை இடம் மாற்றிவிடுங்கள்.

எங்கே மாற்றுவது? வீட்டின் கிழக்குப் பக்கம், அதிலும் தென்கிழக்கு மூலை. காலை வெயில் கிடைக்கும், பின்னேரத்து மேற்கு வெயில் படாது, சோளகத்தையும் வீட்டுச் சுவர் ஓரளவு மறிக்கும். சோளகத்தைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. இலையை ஒட்டி நிற்கிற ஈரக்காற்றை அது அடித்துக்கொண்டு போய்விடும், செடி மறுபடி மறுபடி வியர்க்கவேண்டும். மொட்டைமாடிச் சாடிகளுக்கு இது இரட்டிப்புத் துன்பம், கீழே சீமெந்துச் சூடு, மேலே காற்று. நல்ல கறுத்தக்கொழும்பான் மாமரம் ஒன்று முற்றத்தில் நின்றால் அதைவிடச் சிறந்த இடம் இல்லை. மரம் இல்லாத வீட்டில் கடையில் விற்கிற பச்சை வலையைவிடக் கிடுகு எனக்குப் பிடிக்கும். வெயிலை மறிக்கும், காற்றையும் கொஞ்சம் மறிக்கும், சூடேறாது.

சாடியின் வகையும் கணக்கு. மண்சாடி சுவரால் வியர்த்துத் தன்னைக் குளிர்த்திக்கொள்ளும், அதற்கு விலையாகக் கூடுதல் தண்ணீர் கேட்கும். பிளாஸ்டிக் சாடி தண்ணீரைப் பிடித்துவைக்கும், சூட்டையும் பிடித்துவைக்கும். கறுப்பு நாற்றுப்பையோடு அப்படியே வைத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். மேற்கு வெயிலில் அதன் சுவரைத் தொட்டுப் பார்த்தால் வேர் படும் பாடு கைக்குத் தெரியும். பழைய சாக்கை நனைத்துச் சுற்றிவிடுங்கள். இங்கே பலரும் விரும்பி வாங்கும் சீமெந்துச் சாடியை, புதிதாக வாங்கியதும் தண்ணீர் நிரப்பி ஒரு கிழமை ஊறவைத்து, இடையிடையே தண்ணீரை மாற்றிவிட்ட பிறகுதான் கன்று நடவேண்டும். ஏற்கனவே சுண்ணாம்புத் தண்ணீர், அதற்குமேல் சீமெந்துச் சுண்ணாம்பும் சேர்ந்தால் எந்த எக்சோறாவும் பிழைக்காது.

மண்ணோடு தும்புத்தூள் கலப்பது நல்ல பழக்கம், தன் நிறையைப்போல் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும். ஆனால் பொச்சு ஊறவைத்த தண்ணீர் உப்பென்றால் தும்புத்தூளிலும் உப்பிருக்கும். மூன்று தண்ணீரில் கழுவிப் பிழிந்துதான் கலக்கவேண்டும். மேல்மண்ணை மூட, காய்ந்த இலையோ பொச்சுத் துண்டோ போதும். பொச்சைக் கவிழ்த்து வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் அதற்குள் தண்ணீர் தேங்கும், அது யாருக்கு வசதி என்று பிறகு சொல்கிறேன்.

வீட்டுக்குள் கிடக்கும் நல்ல தண்ணி

உப்பும் சுண்ணாம்பும் இல்லாத தண்ணீர் குடாநாட்டில் கோடையில் எங்கே கிடைக்கும்? நாம் நினைக்காத இடத்தில். ஏசி பூட்டிய வீடுகளில் வெளியே தொங்கும் சின்னக் குழாயால் சொட்டிக்கொண்டிருப்பது காற்றிலிருந்து ஒடுங்கிய தண்ணீர். சுண்ணாம்பும் இல்லை, உப்பும் இல்லை. வெயில் கூடின நாளில்தான் அதுவும் கூடச் சொட்டும். ஒரு வாளியை வைத்துவிட்டால் அந்தூரியத்துக்கும் ஓர்க்கிட்டுக்கும் அதுவே போதும். எத்தனையோ வீடுகளில் அது மதிலில் பாசி பிடிக்கவைத்துக்கொண்டு வீணே ஓடுகிறது.

இதற்கு நேரெதிர் ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுத் தண்ணீர். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்துக்குப் பிறகு, குடிநீரைச் சுத்திகரித்துத் தரும் இயந்திரங்களும் நிலையங்களும் குடாநாடெங்கும் பெருகின. ஆர்.ஓ. இயந்திரம் நல்ல தண்ணீரை ஒரு குழாயாலும், அதிலிருந்து பிரித்த உப்பு முழுவதையும் மிச்சத் தண்ணீரோடு மற்றக் குழாயாலும் அனுப்பும். வீணாகிறதே என்று இந்த இரண்டாவதைச் சாடிக்கு ஊற்றுகிறார்கள். கிணற்றுத் தண்ணீரைவிடச் செறிந்த உப்பை விலைகொடுத்துச் செய்து செடிக்குக் கொடுக்கிற வேலை அது. கழிவறைக்கும் நிலம் கழுவவும் பயன்படுத்துங்கள், சாடிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

தாளையடிக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24 மில்லியன் லீற்றர் கொள்ளளவு. அந்தக் குழாய் நீர் வந்த வீடுகளுக்குச் சுண்ணாம்பு குறைந்த தண்ணீர் கிடைக்கிறது. ஆனால் கட்டணம் கட்டி வாங்கும் தண்ணீரை நாற்பது சாடிக்கு விட எனக்கு மனம் வராது. அரிசி கழுவின தண்ணீர் தாராளமாக விடலாம். மீன் கழுவின தண்ணீரில் உப்புப் போட்டுக் கழுவியிருந்தால் விடக்கூடாது. சவர்க்காரத் தண்ணீர் நிலத்து வாழைக்குச் சரி, சாடிக்குச் சரியில்லை.

எல்லாவற்றுக்கும் மேலானது மழைத்தண்ணீர். கணக்கு எளிது. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். 50 சதுர மீற்றர் கூரையில் 20 மில்லிமீற்றர் பெய்தால் 1,000 லீற்றர். வழிதலும் சிந்தலும் போக, நல்ல மாரி நாள் ஒன்றே ஒரு தாங்கியை நிரப்பிவிடும். உப்பைத் தாங்காத ஐந்து சாடிகளுக்கு நாளுக்கு அரை லீற்றர் வீதம், மாசி தொடக்கம் புரட்டாதி முடியும் வரை ஏறக்குறைய 600 லீற்றர்தான் செலவாகும். 1,000 லீற்றர் தாங்கியில் மிச்சமும் இருக்கும். நாற்பது சாடிக்கும் மழைத்தண்ணீர் என்று கிளம்பினால் முடியாது. எந்த ஐந்து சாடி என்று தெரிவுசெய்யுங்கள்.

ஊருக்குப் போகும்போது

கொழும்புக்குப் போனால் ஒரு கிழமை, வெளிநாட்டில் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போனால் மூன்று மாதம். அதற்குள் சாடிகளின் கதி? வாட்டில் நோயாளிக்கு ஏற்றுகிற சேலைன் குழாயைச் செடிக்குப் பூட்டிவைக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. பார்க்க அழகு. நம் தண்ணீரில் அந்தக் குழாயின் வாய் சுண்ணாம்பு பிடித்து அடைத்துவிடும். துணித்திரி ஒன்றை வாளியிலிருந்து சாடிக்குப் போட்டுவைப்பது சின்னச் சாடிக்கு நாலைந்து நாள் தாங்கும்.

இவற்றைவிட மூத்த வழி மண்முட்டியைப் புதைப்பது. சீனத்தில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் பான் செங்சி எழுதிய வேளாண் நூலிலேயே இந்த முறை இருக்கிறது. சுட்ட மண்ணின் நுண்துளைகளால் தண்ணீர் கசியும். மண் காயக் காயக் கூடவும், ஈரமானால் குறையவும் கசியும். பெரிய சீமெந்துச் சாடியின் நடுவில் ஒரு சின்ன முட்டியைக் கழுத்துவரை புதைத்து, நிரப்பி, சிரட்டையால் மூடிவிட்டால் போதும். ஓர் எச்சரிக்கை. கருப்பணி இறக்கிய பழைய முட்டி வேண்டாம். உள்ளே சுண்ணாம்பு பூசியிருப்பார்கள், துளை அடைபட்டிருக்கும், சுண்ணாம்பும் இறங்கும். புது முட்டியாக வாங்குங்கள்.

ஒன்றும் செய்ய வசதியில்லாவிட்டால் எல்லாச் சாடியையும் மாமரத்துக்குக் கீழே நெருக்கி வைத்து, முழுக்க ஊறவிட்டுப் போகலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பொறுப்புக் கொடுக்கிறவர்கள் அந்தப் பிள்ளைக்கு ஒரே ஒரு விதியைச் சொல்லிக் கொடுக்கவேண்டும்: விரலை விட்டுப் பார்த்த பிறகுதான் தண்ணீர்.

தட்டுக்குள் நிற்கிற தண்ணி

சாடிக்குக் கீழே தட்டு வைப்பது நிலம் பழுதாகாமல் இருக்க. அந்தத் தட்டில் நிற்கும் தண்ணீரை டெங்கு நுளம்பு தேடி வரும். இங்கே டெங்கு தலைதூக்குவது மாரியில்தானே, கோடையில் என்ன என்று கேட்கலாம். ஏடிஸ் நுளம்பின் முட்டை தண்ணீரில்லாமல் காய்ந்த தட்டின் ஓரத்தில் மாதக்கணக்காகக் கிடந்து, அடுத்த முறை நனையும்போது பொரிக்கும். உவர்த் தண்ணீரில் நுளம்பு பெருகாது என்று நம்பியிருந்தோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ். என். சுரேந்திரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள், குடாநாட்டுக் கரையோரத்தில் உவர் நீரிலும் ஏடிஸ் குடம்பிகள் வளர்வதைக் கண்டு 2011 தொடக்கம் எழுதிவருகிறார்கள். ஆகவே சவர்க் கிணற்றுக்காரரும் தப்பவில்லை.

தட்டை எடுத்துவிடுங்கள், அல்லது மணலால் நிரப்பிவிடுங்கள். ஈரமணல் செடிக்கும் குளிர்ச்சி. நிமிர்த்தி வைத்த பொச்சும் சிரட்டையும் இதே கணக்குத்தான். மழைத்தாங்கியின் வாயை வலையால் கட்டாவிட்டால் வீட்டுக்குள்ளேயே ஒரு நுளம்புப் பண்ணை. நுளம்பு பெருக இடம் வைத்திருப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். பி.எச்.ஐ. வரும்போது அழகான சாடி என்று விட்டுவிடமாட்டார்.

கடைசியாகக் கன்று வாங்குகிறவர்களுக்கு ஒன்று. வருடப்பிறப்புக்கு வீட்டை அலங்கரிக்க ரோசாவும் அந்தூரியமும் வாங்கிக் காண்டாவனத்துக்குள் இறக்குவது காசைத் தீயில் போடுவது. அந்த நேரம் ஆசைக்குப் போகன்வில்லாவோ அடீனியமோ வாங்குங்கள். மற்றவற்றை ஐப்பசியில் முதல் மழை விழுந்த பிறகு வாங்கி, விறாந்தையில் ஒளித்துவைக்காமல் மழையில் நிற்கவிடுங்கள். மூன்று மாதம் மழைத்தண்ணீரில் வேர்பிடித்த கன்று அடுத்த கோடைக்குத் தாக்குப்பிடிக்கும். அதற்கு முன், ஆவணிக்குள், கூரைப் பீலியில் கிடக்கிற மாவிலையைக் கூட்டி அள்ளிவிட்டு, கீழே ஒரு பரலை வைத்து வாயில் வலை கட்டிவிடுங்கள்.